படத்தில் அந்த பைலட் போட்டிருந்த கூலிங் கிளாஸ் எது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வாட்ஸப்பில் வரும் படங்களில் பாதி இதுதான்: யாரோ ஒரு நடிகர் விமானத்தின் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிறார், கீழே "இது ரே-பான் தானே?" என்று ஒரு வரி. ஆரம்பித்து வைத்தவன் வடபழனியில் சினிமா காஸ்ட்யூமில் வேலை பார்க்கும் என் நண்பன். 1971 போரை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார்கள், விமானி பாத்திரத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்றான், கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பா வெளிநாட்டுத் துறைமுகம் எங்கோ வாங்கி வந்த பழைய ஜோடியை இரவல் கொடுத்தேன். அவ்வளவுதான், நான் கண்ணாடி ஜோசியக்காரன் ஆகிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் தேய்ந்ததால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, இது ரே-பான் தானே?

காதைக் காட்டுங்கள், சொல்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எல்லோரும் லென்ஸைப் பார்க்கிறார்கள், கண்ணீர்த்துளி வடிவம் தெரிந்த உடனே ரே-பான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வடிவத்தை உலகத்தில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள், பர்மா பஜாரில் தார்ப்பாய்க்குக் கீழே தொங்கும் நூற்றைம்பது ரூபாய் கண்ணாடி உட்பட. ஆனால் காதுக்குப் போகும் கம்பி எந்தக் காலத்துக் கண்ணாடி, யாருக்காகச் செய்தது என்பதைச் சொல்லிவிடும். அதனால் நேருக்கு நேர் எடுத்த ஸ்டில் அனுப்பாதீர்கள். நடிகர் பக்கவாட்டில் திரும்பும் காட்சியைத் தேடிப் பிடித்து அங்கே நிறுத்துங்கள்.

காதுக் கம்பியில் அப்படி என்ன இருக்கிறது?

மூன்று வகை தெரிந்தால் போதும், பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஒன்று, சுருள் கம்பி. மெல்லிய ஸ்பிரிங் மாதிரியான கம்பி காதைப் பின்பக்கமாக முழுக்கச் சுற்றிக் காதுமடலின் அடிவரை வரும். நம் தாத்தாக்களின் வட்டக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள், கழற்றுவதற்குள் காது சிவந்துவிடும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த அளவுகளில் செய்த ஏஎன்6531 என்ற கண்ணாடியில் இருப்பது இந்த வகைதான். திறந்த காக்பிட்டிலிருந்து வந்த பழக்கம், தலையை எப்படித் திருப்பினாலும் விழக்கூடாது.

இரண்டு, காதுக்கு மேலே போய் வளைந்து இறங்கும் சாதாரணக் கம்பி, நுனியில் பிளாஸ்டிக் உறை. கடையில் வாங்கும் ஏவியேட்டர், அதாவது விமானி பாணிக் கண்ணாடி, எல்லாம் பெரும்பாலும் இதுதான்.

மூன்று, நேர்க்கம்பி. ஆங்கிலத்தில் துப்பாக்கி முனையில் சொருகும் கத்தியின் பெயரை வைத்து பயனெட் என்பார்கள். வளைவே கிடையாது, பட்டையாக நேராகப் போய் காதுக்குப் பின்னால் லேசாக மண்டையை அணைத்து நின்றுவிடும். காரணம் ஹெல்மெட். ஜெட் காலத்தில் விமானி ஹெல்மெட்டையும் ஆக்சிஜன் மாஸ்க்கையும் மாட்டிய பிறகு கண்ணாடியைப் போடவும் கழற்றவும் வேண்டும், வளைந்த கம்பி என்றால் காதுறையில் மாட்டிக்கொள்ளும், நேர்க்கம்பி என்றால் ஓரத்தில் சொருகி உருவிவிடலாம். 1958-இல் அமெரிக்க விமானப்படை எடுத்துக்கொண்ட இந்த மாதிரிக்கு ஹெச்ஜியு-4/பி என்று பெயர். என் பெரியப்பாவுடையது இந்த ஜாதி. அவர் விமானத்தில் ஏறியதே இரண்டு முறையோ என்னவோ, அது வேறு விஷயம்.

லென்ஸ் வடிவத்தை வைத்துச் சொல்லவே முடியாதா?

முடியும், ஆனால் இரண்டாவதாக. ரே-பான் லார்ஜ் மெட்டல் என்ற பழைய பெயருள்ள ஏவியேட்டரில் லென்ஸின் கீழ்ப்பக்கம் கன்னத்தை நோக்கி நன்றாகத் தொங்கும், கண்ணீர்த்துளி என்று சொல்வது அதனால்தான். விமானி தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி மீட்டர்களைப் பார்ப்பார், அப்போதும் லென்ஸ் மறைக்க வேண்டும். ஹெச்ஜியு-4/பி அப்படித் தொங்காது. மூலை மழுங்கிய சதுரம் மாதிரி இருக்கும், சின்னதாகவும் இருக்கும், மாஸ்க்கில் இடிக்கக் கூடாதே. இந்த இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அப்புறம் குழப்பமே வராது.

ஒரு எச்சரிக்கை. ரே-பானிலேயே கேரவன் என்று சதுரமான மாதிரி ஒன்று இருக்கிறது, நேரே பார்த்தால் ஹெச்ஜியு-4/பிக்குத் தம்பி மாதிரியே இருக்கும். மறுபடியும் காதுதான் காப்பாற்றும்.

நெற்றிப் பக்கம் ஒரு பட்டை, நடுவில் ஒரு வட்டம் எல்லாம் இருக்கிறதே?

மேலே பட்டை இருந்தால் ரே-பானின் அவுட்டோர்ஸ்மேன் என்ற மாதிரி, வேட்டைக்காரர்களுக்கும் மீன் பிடிப்பவர்களுக்கும் என்று வந்தது. பட்டை நெற்றி வியர்வையைத் தடுக்க. சென்னைக்குத்தான் உண்மையில் அது வேண்டும். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் வளையம் இருந்தால் ரே-பானின் இன்னொரு மாதிரியான ஷூட்டர். நம் படங்களில் வில்லனின் அடியாட்கள் போட்டு வருவதில் இந்த இரண்டின் நகல்களும் நிறைய உண்டு. ராணுவக் கண்ணாடி அல்ல, அந்தச் சாயல், அவ்வளவே.

1986-இல் வந்த 'டாப் கன்' படத்தில் போட்டது?

வாரத்துக்கு ஒருமுறை இது வரும். கதாநாயகன் மேவரிக் போட்டது ரே-பான் ஏவியேட்டர்தான், சந்தேகமே இல்லை. இன்றைக்குக் கடையில் ஆர்பி3025 என்ற எண்ணில் கிடைப்பது அதே மாதிரி. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரே-பானை ஆரம்பித்து வளர்த்தது நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்தின் பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனி. 1999-இல் அதை இத்தாலியின் லக்ஸோட்டிகாவுக்கு விற்றார்கள். கம்பியின் உள்பக்கம் 'ஆர்பி' என்று தொடங்கும் எண் அச்சிட்டிருந்தால் அது விற்றதற்குப் பிந்தைய பொருள். ஆகவே "படத்தில் போட்டது ஆர்பி3025" என்று யாராவது அடித்துச் சொன்னால், மாதிரி சரி, ஆனால் படத்தில் வந்த அந்தத் தலைமுறைக் கண்ணாடியில் அந்த எண் இருந்திருக்காது. பழைய 'அசல் டாப் கன் ஜோடி' என்று ஆர்பி எண்ணோடு விற்க வருபவரிடம் இதைக் கேளுங்கள், பேச்சு மாறும்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் அமெரிக்க அரசாங்கம் விமானிகளுக்குக் கொடுத்தது நேர்க்கம்பிக் கண்ணாடி. படத்துக்கு அழகு முக்கியம், தொங்கும் லென்ஸ்தான் மூஞ்சிக்கு எடுப்பு. நான் குறை சொல்ல மாட்டேன்.

கண்ணாடியைக் கையில் வைத்திருக்கிறேன், பழசா புதுசா என்று எப்படிப் பார்ப்பது?

செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். முதலில் மூக்கின் மேலே வரும் நடுப்பாலத்தின் உள்பக்கம் பாருங்கள், பாஷ் அண்ட் லாம்ப் காலத்தில் அமெரிக்காவில் செய்ததென்றால் 'பி&எல் ரே-பான் யுஎஸ்ஏ' என்று உலோகத்தில் அழுத்திப் பதித்திருக்கும். அப்புறம் லென்ஸை வெளிச்சத்துக்குக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்து, கீல் இருக்கும் ஓரத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். திடீரென்று ஒரு கோணத்தில் மட்டும் எறும்பு அளவுக்கு 'பிஎல்' அல்லது 'பி&எல்' எழுத்து மின்னி மறையும். அது கண்ணாடியிலேயே கீறியது. லக்ஸோட்டிகா காலம் என்றால் அதே இடத்தில் 'ஆர்பி'.

நானும் ஏமாந்திருக்கிறேன். மூர் மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கேமராக்களும் கைக்கடிகாரங்களும் கிடந்த துணியில் ஒரு ஜோடி. லென்ஸ் ஓரத்தில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது, அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வெயிலும் ஆசையும் மண்டையில் ஏறி இருந்ததால் வரவில்லை. பேரம் பேசி வாங்கி, சென்ட்ரலில் ரயிலுக்கு நிற்கும்போது கட்டைவிரல் நகத்தால் தேய்த்துப் பார்த்தேன், 'எல்' உரிந்து நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அச்சடித்த எழுத்து. மிச்சமிருந்த 'பி'யோடு இன்னும் வைத்திருக்கிறேன், பாடம் எடுக்க உதவும்.

லென்ஸின் மேல் மூலையில் வெள்ளையாக ரே-பான் கையெழுத்து இருக்கிறதே, அதுவும் ஒரு துப்பு. அறுபதுகள், எழுபதுகளின் ஜோடிகளில் அந்த எழுத்து கிடையாது. 1965-இல் நடக்கும் கதையில் நாயகன் கண்ணாடியில் அது தெரிந்தால் காஸ்ட்யூம்காரர் அவசரத்தில் இருந்திருக்கிறார்.

அமெரிக்கன் ஆப்டிகல் என்றால் 'ஏஓ' எழுத்தைத் தேடுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து சவுத்பிரிட்ஜ் ஊர்க் கம்பெனி, ஹெச்ஜியு-4/பி செய்து கொடுத்தவர்கள், அப்பல்லோ 11-இல் போனவர்களுக்கும் இவர்கள் கண்ணாடிதான். அதே மாநிலத்தில் 1973-இல் தொடங்கிய ராண்டால்ஃப் கம்பெனியும் பின்னால் ராணுவத்துக்குச் செய்தது. ராண்டால்ஃப் பெயரைப் பார்த்துவிட்டு "வியட்நாம் போர் ஆரம்பத்தில் போட்டது" என்று யாராவது கதை விட்டால் வருஷத்தைக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ரே-பானில் யுஎஸ்ஏ இல்லை. போலியா?

உடனே அப்பாவைச் சந்தேகப்படாதீர்கள். தொண்ணூறுகளில் பாஷ் அண்ட் லாம்ப் இந்தியாவிலேயே, ராஜஸ்தானின் பிவாடியில் தொழிற்சாலை வைத்து ரே-பான் செய்தது. அந்தக் காலத்தில் மவுண்ட் ரோடு கண்ணாடிக் கடையில் பில் போட்டு வாங்கியது என்றால் அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் மதிக்காமல் போகலாம், எனக்கு அது நம்ம ஊர்ச் சரித்திரம்.

லென்ஸ் பிரவுன் நிறமாகத் தெரிகிறது, ஆனால் எல்லோரும் பச்சை என்கிறார்களே?

பழைய படத்தில் லென்ஸ் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். ஈஸ்ட்மன்கலர் என்ற பழைய கலர் பிலிம் பிரிண்ட்களில் காலம் போகப் போக நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும், மிச்சம் சிவப்பு ஓங்கி, வானம் ரோஸ் ஆகி, நாயகி புடவை ஆரஞ்சு ஆகி, பச்சை லென்ஸ் பிரவுன் ஆகிவிடும். டிவியில் மதியக் காட்சி பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதே காட்சியில் இருக்கும் மரத்து இலையைப் பாருங்கள். இலையே பிரவுனாக இருந்தால் கண்ணாடியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அதோடு, நடிகரின் கண் தெரிய வேண்டும் என்று லென்ஸைக் கழற்றிவிட்டு வெளிறிய லென்ஸ் போடுவது சினிமாவில் சகஜம். அசல் லென்ஸை அப்படியே விட்டால் கேமராவும் லைட்டும் டீ கொண்டுவரும் பையனும் அதில் தெரிவார்கள். எங்கள் குறும்படத்தில் பெரியப்பா கண்ணாடியில் ஒரு ஷாட்டில் மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி பளிச்சென்று தெரிந்தது. 1971-இல் மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி!

நிறம் நிஜமாகவே தெரிந்தால்: சாம்பல் கலந்த பச்சை என்றால் ரே-பானின் ஜி-15, வெளிச்சத்தில் 15 சதவீதத்தை மட்டும் உள்ளே விடும் என்பதால் அந்த எண். ஹெச்ஜியு-4/பியில் இருப்பது பச்சை கலக்காத சாம்பல், அதுவும் ஏறக்குறைய அதே இருட்டு, சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் நிறம் மாற்றாமல் காட்ட வேண்டும் என்பது கணக்கு. போர்க்கால ஏஎன்6531-இல் வெளிர்ப் பச்சை முதலில் வந்தது, அப்புறம் ரோஜாப்பூ சாயலில் ஒரு புகை நிறம்.

போலரைஸ்டு லென்ஸ் என்றால் ராணுவ அசலா?

நேர் எதிர். பளபளக்கும் பரப்புகளின் கூச்சத்தை வடிகட்டும் லென்ஸ் அது, ஆனால் விமானிகள் தவிர்ப்பார்கள். காக்பிட் திரைகள் சில கோணத்தில் கறுத்துப் போகும், விமானக் கண்ணாடியில் எண்ணெய் படிந்த மாதிரி வானவில் கோலம் தெரியும். வீட்டில் சோதிக்க, லேப்டாப் திரைக்கு முன்னால் கண்ணாடியை ரங்கராட்டினம் மாதிரி சுற்றுங்கள், ஒரு நிலையில் திரை கறுத்தால் போலரைஸ்டு.

ஸ்கிரீன்ஷாட்டில் சைஸ் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு. 58, 14 என்று கம்பியிலோ பாலத்திலோ எழுதியிருப்பது லென்ஸ் அகலம் 58 மில்லிமீட்டர், நடுப்பாலம் 14 என்று அர்த்தம். இரண்டையும் கூட்டினால் 72, அதுதான் ஒரு லென்ஸின் நடுவிலிருந்து அடுத்த லென்ஸின் நடுவரை. பெரியவர்களுக்குக் கண்மணிகளுக்கு இடையில் சுமாராக 63 இருக்கும். எனவே அதே நடிகர், அதே தூரத்தில், கண்ணாடியைக் கழற்றிய ஒரு ஃபிரேமைப் பிடித்து, அந்த 63-ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். என் அனுபவத்தில் 55-க்கும் 62-க்கும் வித்தியாசம் இப்படித் தெரிந்துவிடும், 55-க்கும் 58-க்கும் சண்டைதான். சிரிக்கும்போது கன்னம் லென்ஸைத் தூக்கினால் 62 என்பது என் குருட்டுக் கணக்கு. பவர் லென்ஸ் போட நினைப்பவர்களும் இந்த 72-ஐயும் 63-ஐயும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், லென்ஸின் மையத்தை உள்பக்கம் நகர்த்தி வெட்டச் சொல்ல வேண்டும்.

கம்பியில் '1/10 12கே ஜிஎஃப்' என்று இருக்கிறது. தங்கமா? அடகு வைக்கலாமா?

இந்தக் கேள்வியைச் சென்னையில்தான் கேட்பார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கத் தகடு, உள்ளே சாதாரண உலோகம் என்று பொருள். 12 காரட் என்றால் பாதிதான் தங்கம், ஆக மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு. ஃபிரேமின் உலோகம் 15 கிராம் என்று வைத்துக்கொண்டால் முக்கால் கிராம், அதாவது ஒரு சவரனில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. அடகுக் கடைக்காரர் சிரித்து அனுப்பிவிடுவார். ஆனால் வெறும் முலாம் பூசியது போல் சீக்கிரம் உரியாது, பெரியப்பா கண்ணாடி இன்னும் பளபளப்பாக இருப்பது அதனால்தான். பழைய ரே-பானிலும் அமெரிக்கன் ஆப்டிகலிலும் இந்த முத்திரை வரும், அது இருப்பது நல்ல அடையாளம்.

மூக்குப் பக்கத்தில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது.

களிம்பு. பித்தளைக் குத்துவிளக்கில் வருவதேதான், உலோகத்தில் இருக்கும் செம்பும் உங்கள் வியர்வையும் சேர்ந்த வேலை. புளி போட்டுத் தேய்க்காதீர்கள், ஒருவர் தேய்த்தார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், அப்புறம் நன்றாகத் துடைத்துக் காயவைத்தால் போதும். மூக்கில் உட்காரும் சின்னப் பட்டைகள் மஞ்சளாகிவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், அதனால் அசல் தன்மை ஒன்றும் குறையாது.

லென்ஸைக் கழற்றும் வேலையை மட்டும் பழகிய கையிடம் கொடுங்கள். பழைய லென்ஸ் நிஜக் கண்ணாடி, கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும், நகத்தால் தட்டினால் டிங் என்று கேட்கும். நான் கொடுத்த ஒரு கடையில், பெயர் வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸ் என்று நினைத்துப் பெருவிரலால் அழுத்தித் தள்ளினார்கள். டிங் என்று கேட்டது. கடைசி டிங்.

இதைப் போட்டால் கண்ணுக்கு நல்லதா?

அசல் என்றால் பயமில்லை. மலிவான கறுப்பு லென்ஸில்தான் சிக்கல், இருட்டு என்று கண்மணி விரியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு லென்ஸில் இல்லாவிட்டால் அது தாராளமாக உள்ளே போகும். கண்ணாடிக் கடைகள் பலவற்றில் இதை அளக்க ஒரு சின்ன மெஷின் வைத்திருக்கிறார்கள், கேட்டால் அரை நிமிஷத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

அந்த நடிகர் போட்ட அதே ஜோடி எங்கே கிடைக்கும்?

அதே மாதிரி கிடைக்கும். அதே ஜோடி கிடைக்காது. அது வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம், இயக்குநரின் மச்சானுடையதாக இருக்கலாம், இரண்டாம் பாதியில் வேறு ஜோடியாகவே மாறி இருக்கலாம். இடைவேளைக்கு முன் வளைந்த கம்பி, பின் நேர்க்கம்பி என்று நானே ஒரு படத்தில் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா கண்ணாடியை விற்பீர்களா?

மாட்டேன். குறும்படத்திலிருந்து திரும்பி வந்தபோது இடது கம்பி சற்றே வளைந்திருந்தது, நடிகர் அதைத் தலையில் தூக்கி விட்டுக்கொண்டு வசனம் பேசி இருக்கிறார். போன மாதம் நிமிர்த்தி, போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். கடைக்காரர் பால் பாக்கெட்டைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். "என்ன சார், மெட்ராஸ் ஐ-யா?"